ஜூலை முதல் தேதிக்காரர்கள்

கடிதம் எண் 41
ஷால்சிய்யா ரயில்வே குடியிருப்பு, பாக்தாத்
2004 மே 13, வியாழக்கிழமை, காலை 7.20

அன்புத் தங்கை நஸீஹாவுக்கு அண்ணன் ஃபக்ரி ஜமீல் எழுதுவது. உன் மீதும் உன் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். ஏப்ரல் 11 தேதியிட்ட உன் கடிதம் மே 2 அன்று, அம்மானிலிருந்து வந்த ஓட்டுநர் கையால் கிடைத்தது. உறையின் ஓரத்தில் தேநீர்க் கறை இருந்தது. அது ஓட்டுநருடையது என்று கருதி உன்னை விட்டுவிடுகிறேன். இடது முழங்கால் நீங்கலாக நான் நலம்.

நம் ஸப்ரி நலமா என்று கேட்டிருந்தாய். மே 9, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேமுக்கால் மணிக்குப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அமெரிக்கப் படையினர் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் தேடுகிற ஒருவனுக்கும் ஸப்ரி ஜமீல் யூனுஸ் என்றே பெயராம். பிறந்த தேதியும் அதுவேயாம்: 1938 ஜூலை 1.

நீயே சிரித்துவிடுவாய். நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு அதுதானே பிறந்த தேதி! பெயர்ப் பதிவுக்கு வந்த அதிகாரி, நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆண்டின் நடுவில் ஒரு தேதியைப் போட்டுவிட்டுப் போனார். உனக்கும் அது, எனக்கும் அது. நாற்பது ஆண்டுகள் ரயில்களை நிமிடம் தவறாமல் அனுப்பி வைத்த எனக்கு, நான் பிறந்த நாள் இன்றுவரை தெரியாது. இந்த அவமானத்தை யாரிடமும் சொல்லாமலே சாகலாம் என்று நினைத்திருந்தேன்.

நேரில் பார்த்த டாக்சிக்காரர் சொன்னது இது. பிறந்த தேதியைச் சிப்பாய் இரண்டு முறை கேட்டானாம். நம் ஸப்ரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? "எங்க ஊர்ல எல்லாரும் அன்னிக்குத்தான்ப்பா பொறந்தோம். ஒரே கேக்கை வெட்டி ஊரே பங்கு போட்டுக்குவோம்" என்றிருக்கிறான். அதை அப்படியே மொழிபெயர்த்ததும் அவன் கைகளைப் பின்னால் கட்டிவிட்டார்கள்.

அவனுக்கு இருதய மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சட்டைப்பையில் இருந்த அட்டையில் நான்குதான் மிச்சம். நீ அந்த நாட்டுக் குடிமகள். உன் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுது.

மாஸின் எப்படி இருக்கிறான்? கடந்த மூன்று கடிதங்களிலும் நீ உன் மகனைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

உன் அண்ணன்,
ஃபக்ரி ஜமீல்

*

டியர்போர்ன், மிச்சிகன்
ஜூன் 2, 2004

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு நஸீஹா எழுதுகிறேன். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. ஸப்ரி அண்ணன் எப்படிச் சிரித்துக்கொண்டு அதைச் சொல்லியிருப்பான் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போனேன். தலைமுடியைச் சிவப்பாக்கிக்கொண்ட ஒரு பெண் அன்பாகப் பேசி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இங்கே மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை அண்ணா. என் கணவர் இறந்தபோது பக்கத்து வீட்டு டோரத்தி பத்து நாள் சமைத்துக் கொண்டுவந்தாள். இன்றைக்கும் பனிக்காலத்தில் என் வாசலுக்கும் சேர்த்து அவள்தான் பனியை வெட்டி வழி செய்கிறாள்.

நேற்று கடையில் ஒருத்தி நான் எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்: "உங்க ஆளுங்களுக்கு எங்க மேல ஏன் இவ்வளவு வெறுப்பு?" பால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் தேதி வாரியாகச் சொல்லியிருப்பீர்கள்.

படை முகாம் வாசலில் போய் அவர்களோடு வாதாடாதீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும். மாஸினுக்கு வெளியூரில் வேலை. அடிக்கடி பேச முடிவதில்லை.

உங்கள் நஸீஹா

*

கடிதம் எண் 42
பாக்தாத்
2004 ஜூன் 24, வியாழக்கிழமை, காலை 6.50

அன்புத் தங்கைக்கு, இறைவனின் சாந்தி. உன் கடிதம் ஜூன் 20 அன்று கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது. மின்சாரம் இரண்டு மணி நேரம் வருகிறது, நான்கு மணி நேரம் போகிறது. அதற்கு ஒரு கால அட்டவணை இருந்தாலாவது மதித்திருப்பேன்.

நீ படித்த பெண்கள் பள்ளிதான் இப்போது அவர்கள் முகாம். நான்கு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஜூன் 17 அன்று உள்ளே விட்டார்கள். பழைய ரயில்வே கோட்டை அணிந்து போயிருந்தேன். அலுவலகத்துக்கு வெறும் சட்டையோடு போகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

தலைமை ஆசிரியை அறையில் ஒரு கேப்டன் இருந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். வெயிலில் காது இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன் ஒருவன், முகத்தில் கறுப்புத் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஊரார் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று அவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். நான் உட்கார்ந்ததும் காபி வந்தது. பள்ளி நம்முடையதாக இருக்கலாம். ஆனால் காபி கொடுத்தவர் அவர், ஆகவே வீட்டுக்காரரும் அவரே.

நம் தந்தையார் காட்டிய வழியில், கோப்பையை வாங்கி, உதட்டில் படாமல் மேசைமேல் வைத்தேன். "என் தம்பிய விடறேன்னு சொல்லுங்க, குடிக்கறேன்" என்றேன். நம் ஊரில் இதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. விருந்தாளி குடிக்காத கோப்பை வீட்டுக்காரனின் கழுத்தில் பாரமாகத் தொங்கும். ஒன்று, கேட்டதைத் தருவார். இல்லையென்றால் ஏன் தர முடியாதென்று கண்ணைப் பார்த்துச் சொல்வார்.

மொழிபெயர்ப்பாளன் சற்றுத் தயங்கிவிட்டு ஆங்கிலத்தில், "பெரியவருக்கு வயிறு சரியில்லையாம் சார்" என்றான்!

1951 முதல் ஆங்கிலேய அதிகாரிகளிடம் வேலை பார்த்தவன் நான். அவர்கள் மொழி எனக்கு நன்றாகத் தெரியும் என்பது இவர்களுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. கேப்டன் வருத்தத்தோடு தலையசைத்தார். தம்பி பெயரை எழுதிக்கொண்டு, "பேரும் தேதியும் ஒண்ணாவே இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். என் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே தேதியில பொறந்தீங்களா? யாரு சார் இந்த அட்டையைப் பண்ணிக் குடுத்தது?" அவர் பேச்சில் கேலியே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

உன் கடைப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவர்களுடைய வசதிகளைக் கண்டு நாம் பொறாமைப்படுகிறோம் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். குளிர்பெட்டி என் வீட்டிலும் இருக்கிறது, மின்சாரந்தான் இல்லை. குண்டுதான் காரணமா என்றால், அதுவும் முழுக் காரணம் அன்று. ஆங்கிலேயரும் நம்மீது குண்டு போட்டவர்களே. 1948 ஜனவரியில் அவர்களை எதிர்த்துப் பாலத்தின்மேல் கல்லெறிந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் என் ஆங்கில மேலதிகாரிக்கு என் தந்தையின் பெயர் தெரியும். அவர் நல்லவர் என்பதால் அன்று. ஒரு கைப்பிடி ஆட்களை வைத்துக்கொண்டு ஆள வந்தவர், எங்களைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த அமெரிக்கர்களுக்கு அந்த அவசியமும் இல்லை. அவர்கள் மாநிலங்களின் பெயர்களை நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அவர்கள் நடிகையின் விவாகரத்துகூட இங்கே தேநீர்க் கடையில் செய்தி. இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்த தேதி என்பது காய்கறி விற்பவனுக்குத் தெரியும், அவர்களுடைய கணினிகளுக்குத் தெரியாது. என்னை ஒருவன் அடித்தால் அந்தக் கோபம் ஒருநாள் ஆறிவிடும். நான் யாரென்று கேட்காமலே என் வீட்டுச் சாவியை ஒருவன் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால், அது ஆறாது. இதை அவளிடம் சொல்.

இனி ஒவ்வொரு வியாழனும் போவேன். காபியும் குடிக்க மாட்டேன்.

உன் அண்ணன்,
ஃபக்ரி ஜமீல்

*

டியர்போர்ன்
ஜூலை 15, 2004

அண்ணாவுக்கு, உங்கள் முழங்காலுக்கும் ஸப்ரி அண்ணனின் இருதயத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் வேண்டிக்கொள்ளும் நஸீஹா எழுதுவது.

பிரதிநிதி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அச்சடித்த கடிதம். என் பெயரை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள், அதிலும் ஓர் எழுத்து இல்லை. மறுபடியும் போவேன்.

ஜூலை முதல் தேதி டோரத்தி எனக்குக் கேக் வாங்கி வந்தாள். நாம் மூன்று பேருக்கும் சேர்த்து மெழுகுவத்தியை ஊதினேன்.

கடைப் பெண்ணை மறுபடி பார்த்தேன். நீங்கள் எழுதியதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு போன் வந்துவிட்டது.

அண்ணா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மொழிபெயர்ப்பாளனைத் திட்டாதீர்கள். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னால் உங்களை வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயந்திருப்பான். இன்னொன்று, இந்த வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால், அதன் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்குகிறது. யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். மரியாதையான மனிதருக்கு அது அழகில்லை.

உங்கள் நஸீஹா

*

கடிதம் எண் 43
பாக்தாத்
2004 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை, மாலை 4.10

தங்கைக்கு, இறைவனின் சாந்தி. உன் கடிதம் ஆகஸ்ட் 1 அன்று கிடைத்தது. நலம்.

ஜூன் 28 அன்று நாட்டை எங்களிடம் ஒப்படைத்துவிட்டதாக வானொலி அறிவித்தது. ஜூலை 1 அன்று போனேன். வாசலில் அதே மணல் மூட்டை, அதே துப்பாக்கி. "நாட்டைத் திருப்பிக் குடுத்துட்டீங்களாமே, தம்பிய மட்டும் ஏன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அதையும் மொழிபெயர்ப்பாளன், "தம்பி நலமான்னு கேக்கறார் சார்" என்றுதான் சொன்னான்.

ஸப்ரியைத் தெற்கே, கடலோரக் கூடார முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. செஞ்சிலுவைக்காரர் மூலம் அனுப்பியிருக்கிறேன்.

காபி விவகாரம் முகாம் முழுவதும் பரவிவிட்டது. கிழவன் இந்த வாரம் குடிப்பானா மாட்டானா என்று சிப்பாய்கள் பந்தயம் கட்டுகிறார்கள். ஒருவன் பால் ஊற்றிக் கொண்டுவந்தான். இன்னொருவன் ஆரஞ்சுச் சாறு வைத்தான். போன வாரம் கேப்டனே, "நாங்க விஷம் கலந்திருக்கோம்னு நினைக்கறாரா?" என்று என் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துக் காட்டினார். பாவம், நல்ல மனத்தோடுதான் செய்தார். விருந்தாளியின் வேண்டுகோளை விருந்தாளியின் கண்ணெதிரே தானே குடித்துத் தீர்த்துவிட்டோம் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவன் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பொத்தானைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஜூன் 17 காலை முகாம் வாசலின் முள்கம்பியில் கோட்டு சிக்கியது. அதற்கு முன்வரை அந்தப் பொத்தான் தொங்கவில்லை. அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. என் கடிதங்களின் நகல்களைக் கோப்பில் எடுத்துச் சரிபார்த்தேன்.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை.

ஃபக்ரி ஜமீல்

*

கடிதம் எண் 44
பாக்தாத்
2004 செப்டம்பர் 9, வியாழக்கிழமை, பிற்பகல் 2.30

தங்கைக்கு, சாந்தி. உன் பதில் இன்னும் வரவில்லை. பாலைவனச் சாலையில் கொள்ளை அதிகம் என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். உடல் நலம்.

இன்று காலை கேப்டன் ஏதோ அவசரமாக வெளியே போனார். அறையில் நானும் அந்த மொழிபெயர்ப்பாளனும் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த கோப்பையும் மட்டுமே. நான் நம் மொழியில் பேச்சை ஆரம்பித்தேன். நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

"ஏம்ப்பா, என் வயித்துக்கு என்ன கேடு?"

"புரியலீங்க ஐயா."

"மூணு மாசமா எனக்கு வயிறு சரியில்லேன்னு சொல்லிட்டிருக்கியே. என் வயிறு கல்லைத் தின்னாலும் செரிக்கும். அவங்க இங்கிலீஷு உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"ஐயா, காபியக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க. இதெல்லாம் இவங்களுக்குப் புரியாது."

"புரியாதவனுக்குப் புரிய வெக்கத்தானேப்பா உன்னை நிக்க வெச்சிருக்காங்க?"

"சொன்னா கோவிச்சுக்குவாங்க. உங்களுக்குத்தான் கெடுதல்."

"அப்ப நீ எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல நிக்கலே. எங்க பேச்சு அவங்க காதுல விழாம பாத்துக்க நிக்கறே. உலகத்தையே வளைச்சு வெச்சிருக்கிற ராஜ்ஜியம், ஒரு கிழவன் பேச்சைத் தாங்காதா? அவ்வளவு மெல்லிசா இருக்கு அவங்க காது?"

நான் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: "என் தங்கச்சிக்கு ஒரு பையன். ஆறு வயசுல ஊரை விட்டுப் போனான். போற அன்னிக்கு பாக்தாத் மேற்கு ஸ்டேஷன்ல இன்ஜின் மேல ஏத்தி விட்டேன். ஊதல் கயித்தை இழுத்தவன் விடவே மாட்டேனுட்டான். ஸ்டேஷனே காதைப் பொத்திக்கிச்சு. அவ்வளவு சத்தம் போட்ட பய இப்ப எங்க இருக்கானோ, பேச்சு மூச்சே இல்லே."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே துணி நனைந்திருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம். இந்த ஊரில் செப்டம்பரிலும் வெயில் கடுமைதான்.

ஃபக்ரி ஜமீல்

*

டியர்போர்ன்
செப்டம்பர் 30, 2004

அண்ணா,

இதைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

அவன்தான். ஜனவரியில் படையின் மொழிபெயர்ப்பு வேலைக்குக் கையெழுத்துப் போட்டான். போன பிறகுதான் எனக்கே சொன்னான். அந்த 2001 செப்டம்பருக்குப் பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் அவன் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து உட்கார்ந்தார்கள் அண்ணா. நானும் உங்களில் ஒருவன்தான் என்று காட்ட வேண்டும் என்று வெறி. பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. உங்கள் தெருவுக்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று அவனும் நினைக்கவில்லை. அங்கே யாருக்காவது தெரிந்தால் அவனையும் கொல்வார்கள், உங்களையும் கொல்வார்கள். அதனால்தான் எழுதவில்லை. உங்கள் முகத்தை நினைத்தும் எழுதவில்லை.

அவனுக்கு மொழி தெரியும், வழக்கம் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் இதையெல்லாம் சொல்வார்கள்? மாமா பிடிவாதம் பிடிக்கிறார், தண்டனை கிடைத்துவிடும் என்று பயந்து மறைத்திருக்கிறான். போன வாரம் போனில், "அம்மா, அவர் ஏம்மா குடிக்க மாட்டேங்கறார்?" என்று கேட்டான். சொன்னேன். "உங்க அப்பா வீட்டுப் பெரியவங்க என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ, உங்க தாத்தா வெச்ச காபியைத் தொடாம ஒரு சாயங்காலம் பூரா உக்காந்திருந்தாங்க. அவங்க அன்னிக்கு வைராக்கியமா இருக்கலேன்னா நீயே இல்லடா."

அவனைச் சபித்துவிடாதீர்கள்.

நஸீஹா

*

கடிதம் எண் 45
பாக்தாத்
2004 அக்டோபர் 23, சனிக்கிழமை, காலை 8.05

அன்புத் தங்கை நஸீஹாவுக்கு, இறைவனின் சாந்தி. நோன்பு நன்றாகப் போகிறது. உன் கடிதம் அக்டோபர் 20 அன்று வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

அக்டோபர் 14, வியாழன். மறுநாளோ அதற்கு மறுநாளோ ரமலான் பிறை. அது என்னை வாட்டிக்கொண்டிருந்தது. நோன்பு தொடங்கிவிட்டால் பகலில் யாருமே குடிக்க மாட்டார்கள். என் குடிக்காத கோப்பைக்கு ஒரு மாதம் அர்த்தமே இருக்காது. காபி வந்தது, வைத்தேன், வழக்கமான சொற்களைச் சொன்னேன். கேப்டன் சலிப்போடு, "இன்னும் வயிறு சரியாகலையா?" என்றார்.

"இல்ல சார்" என்றான் அவன் ஆங்கிலத்தில். "இவருக்கு வயிறு எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

கேப்டன் நிமிர்ந்தார்.

"இந்த ஊர்ல ஒருத்தர் உங்க காபியக் குடிக்காம வெச்சா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறார்னு அர்த்தம். அது ஆறற வரைக்கும் உங்களுக்குத்தான் தலைகுனிவு. பதினெட்டு வாரமா அவர் உங்களை மரியாதையா அவமானப்படுத்திட்டிருக்கார் சார். நாமதான் பந்தயம் கட்டிட்டிருந்தோம்."

"அவர் தம்பி தேடப்படற ஆளு. தேதி ஒத்துப் போகுது."

"உங்க பட்டியலை எடுங்க சார். எத்தனை பேர் ஜூலை ஒண்ணுன்னு எண்ணிப் பாருங்க. பதிவு பண்ண வந்தவன் ஊருக்கே அந்தத் தேதியப் போட்டுட்டான். எங்கம்மா பாஸ்போர்ட்லயும் அதேதான். நம்ம நாட்டுப் பாஸ்போர்ட் சார், கழுகு போட்டது."

கேப்டன் காகிதங்களைப் புரட்டினார். அவருடைய விரல் நின்று நின்று போயிற்று. காது மட்டும் சிவந்திருந்தது போய், முகம் முழுவதும் சிவந்தது. "ஏன் இதை யாருமே எங்ககிட்ட சொல்லலே?" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: "வாரா வாரம் சொன்னேன். காபி ஆறிப் போனதுதான் மிச்சம்."

நான் புறப்படும்போது அவன் வாசல்வரை வந்தான். நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவனும் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. இருவருமே புத்திசாலிகளாக நடந்துகொண்டோம். ஆனால் வீடு வரும்வரை அந்தப் பழைய ரயில் ஊதல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடிதத்தை எரிக்கச் சொல்லியிருந்தாய். நாற்பத்தைந்து எண்வரை ஒன்றும் தொலையாத கோப்பு இது. எரிக்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது.

அவனை நான் சபிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. இரண்டையும் முகம் தெரியாத ஒருவனுக்குச் செய்ய முடியாது.

உன் அண்ணன்,
ஃபக்ரி ஜமீல்

*

டியர்போர்ன்
நவம்பர் 9, 2004

அண்ணா, நோன்பை இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்.

மாஸின் வந்துவிட்டான். அந்த ஊரில் தனக்குச் சொந்தம் இருப்பதை மறைத்துவிட்டான் என்று ஒப்பந்தத்தை முறித்து, ஒரு பையோடு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். காபி விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே அவனாகப் போய்க் கேப்டனிடம் இதையும் ஒப்புக்கொண்டானாம்.

இரவு நோன்பு திறந்ததும் காபி போட்டுக் கொடுக்கிறேன். வாங்கி, மேசைமேல் வைத்துவிடுகிறான். முதல் நாள் சூடு என்று நினைத்தேன். மூன்றாவது நாள்தான் புரிந்தது. "என்னடா வேணும்?" என்றேன். "மாமாகிட்ட சொல்லும்மா, என்னை மன்னிக்கச் சொல்லி" என்கிறான். எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்தால் நான் என்ன பண்ணுவேன் அண்ணா? அவனைக் குடிக்கச் சொல்லுங்கள்.

நஸீஹா

*

கடிதம் எண் 46
பாக்தாத்
2004 டிசம்பர் 2, வியாழக்கிழமை, காலை 9.00

அன்புத் தங்கை நஸீஹாவுக்கு, அவள் வீட்டில் இருக்கும் அனைவருக்கும், இறைவனின் சாந்தி. பெருநாள் வாழ்த்துகள், பதினெட்டு நாள் தாமதமாக.

ஸப்ரி வந்துவிட்டான். நவம்பர் 25 காலை முகாமுக்குக் கூப்பிட்டு, தெற்கிலிருந்து வந்த பேருந்திலிருந்து இறக்கி என்னிடம் ஒப்படைத்தார்கள். இளைத்துப் பாதி உடம்பாகிவிட்டான். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுகிறான். நான் அனுப்பிய மாத்திரைகளில் ஒரு பொட்டலந்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. என்னைப் பார்த்ததும் சொன்னது: "அண்ணா, அந்த முகாம்ல எழுவத்தி மூணு பேர் ஜூலை ஒண்ணு! அன்னிக்கு விடிஞ்சதும் கூடாரமே எழுந்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புடிச்சு வாழ்த்து சொல்லிக்கிட்டோம். காவக்காரனுக்குக் கலகம்னு பயம் வந்திருச்சு. கேக்குதான் கெடைக்கலே."

விடுவிப்புக் காகிதத்தில் 'எனக்குப் புகார் எதுவும் இல்லை' என்று அச்சிட்டிருந்தது. ஸப்ரி படித்துப் பார்த்துவிட்டு, "புகார் இருக்கே" என்றான். காகிதம் கையெழுத்தில்லாமலே திரும்பிப் போனது. இருந்தும் விட்டுவிட்டார்கள்.

கேப்டன் காபி வரவழைத்தார். எழுந்து நின்று, தன் கையாலேயே நீட்டினார். புதிய மொழிபெயர்ப்பாளனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இப்பக் குடிக்கலாமா?" என்றார். குடித்தேன். கேட்டது கிடைத்த பிறகும் குடிக்காவிட்டால் மரியாதை கெட்டவன் நான் ஆகிவிடுவேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு இன்னொரு கோப்பை கேட்டேன். மகிழ்ச்சியோடு ஊற்றினார். அதை வாங்கி, உதட்டில் படாமல், மேசைமேல் வைத்தேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. இந்த முறை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

"இது யாருக்கு?" என்றார்.

"மத்த எழுபத்திரண்டு பேருக்கு" என்றேன்.

இன்றும் போகிறேன். இதை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கடைப் பெண்ணைப் பார்த்தால் முதலில் அந்த போனைக் கீழே வைக்கச் சொல். பிறகு, வெறுப்பு என்று அவள் சொல்வது இங்கே பெரும்பாலும் ஆறிப்போன ஒரு கோப்பைதான் என்று சொல். அவளுடைய மேசைமேல்தான் இருக்கிறது. வெகுநாளாக இருக்கிறது.

மாஸினுக்குச் சொல்ல வேண்டியது. எனக்கு முன்னால் வைக்க வேண்டிய கோப்பையை அவன் உனக்கு முன்னால் வைத்திருக்கிறான். முகவரி தவறு. உன் காபியை அவன் குடிக்கட்டும். பெற்றவளைத் தண்டிக்க அவனுக்கு உரிமை இல்லை. என்னிடம் மன்னிப்பு வேண்டுமானால், துணியும் கண்ணாடியும் இல்லாத முகத்தோடு, என் கதவைத் தட்டி, என் மேசைமேல் கோப்பையை வைத்துக் கேட்கட்டும். எத்தனை ஆண்டானாலும் சரி. எனக்கு எழுபத்திரண்டு வயது என்று அட்டை சொல்கிறது. அட்டையை யார் நம்புகிறார்கள்? நான் காத்திருப்பேன்.

உன் அண்ணன்,
ஃபக்ரி ஜமீல் யூனுஸ்

இத்துடன் இணைத்திருப்பவை:
1. உன் செப்டம்பர் 30 கடிதம், எரிக்கப்படாமல். எரிப்பதானால் நீயே எரி.
2. ஸப்ரி தன் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. அதிலுள்ள எழுத்துப் பிழைகள் அவனுடையவை.
3. ஏலக்காய் இடித்துக் கலந்த காபித்தூள், கால் கிலோ. டோரத்தி அம்மாவுக்குப் பாதி கொடு.
4. என் கோட்டின் இரண்டாவது பொத்தான். இதுவரை தைக்கப்படவில்லை. தொங்குவதைக் கண்டவன் எவனோ, அவனே கொண்டுவந்து தைக்கட்டும்.